கழுத்து நோவுக்கு நீதி: கப்பல்துறை வீதியில் நட்டஈட்டின் சரித்திரம்

வாகனத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுத்த செய்தி இலங்கைச் சரித்திர நூல்களில் எவ்வளவு பழமையானது என்று தேடிச் செல்வோர், அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாளனிடத்திலே வந்து நிற்பர். பசுக்கன்றின்மீது தேரை ஓட்டிக் கொன்ற மகனை அதே தேர்ச்சக்கரத்தால் தலை துணித்தான் அவ்வரசன் என்ற கதையை, திருவாரூர் மனுநீதி கண்ட சோழன் வரலாற்றோடு இணைத்துத் தமிழ் மக்கள் பரம்பரையாகச் சொல்லி வருகின்றனர். ஆயினும், மகாவம்சம் அதன்பின் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிக்குகளை அழைப்பதற்காக மிகிந்தலை மலைக்குத் தேரிற் சென்றபோது, நுகத்தடியின் நுனி ஒரு தூபியில் இடித்துக் கற்கள் பெயர்ந்து விழ, அதனை மந்திரிகள் எடுத்துரைத்த மாத்திரத்தில் அரசன் தேரைவிட்டிறங்கி வீதியிலே கிடந்து, தன் தலையையும் சக்கரத்தாலேயே துணிக்கும்படி பணித்தான். பிறருக்குத் துன்பம் நேர்வதை எம் பெருமானாகிய புத்தர் விரும்புவதில்லை, தூபியைச் செப்பனிட்டுக் கொடுத்துப் பொறுதி கேட்டலே தகும் என்று மந்திரிகள் விடை கூறினர். பெயர்ந்த கற்கள் 15; அவற்றை மீண்டும் பதிப்பதற்கு அரசன் செலவிட்டது 15,000 கஹாபண நாணயங்கள். உயிருக்கு உயிர் என்ற நியாயத்திலிருந்து, கெட்டதைச் சீர்செய்து கொடுத்தல் என்ற நியாயத்துக்குச் சட்ட உணர்வு நகர்ந்த செய்தியை ஒரே அரசனுடைய சரித்திரத்தில் இவ்வாறு காண்கிறோம்.

திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதி இன்றும் மிகிந்தலையைத் தொட்டே செல்கிறது. திருகோணமலையிலிருந்து பிரிந்து கந்தளாய், ஹபரணை வழியாகத் தெற்கே இறங்கும் கண்டி வீதியின் ஓரத்தில் அமைந்திருக்கிறது கப்பல்துறை. இறந்த கன்றும் பெயர்ந்த கல்லும் கண்ணாற் கண்டறியக்கூடியவை. அவற்றுக்கு விலையோ பழியோ தீர்மானிப்பது நீதிமானுக்கு எளிது. ஆனால், பின்னால் வந்த வாகனம் இடித்த அதிர்ச்சியில் கழுத்து ஒருகணம் பின்னும் முன்னும் உதறப்பட்டு, இரத்தம் சிந்தாமலும் எலும்பு முறியாமலும், மாதக்கணக்கில் தலையைத் திருப்பவிடாமல் ஒருவனை வருத்தும் நோவுக்கு எந்தத் தராசை வைத்து ஈடு நிறுப்பது? வைத்தியர்கள் விப்லாஷ் என்று குறிப்பிடும் இந்தக் காயத்துக்கும் நியாயம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது. அந்தக் காலத்தின் சரித்திரத்தை, துறைமுகத்தையும் இருப்புப்பாதையையும் நெடுவீதியையும் ஒருங்கே அடுத்திருக்கும் இந்தச் சிற்றூரின் திசையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றியபோது, கோட்டையோடு ஒரு சட்டத்தையும் சேர்த்தே சுவீகரித்தனர். ஒல்லாந்தர் காலத்தில் வழங்கிய சட்டமே தொடர்ந்து நடைபெறும் என்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி பிரகடனம் செய்தார். அதன் பயனாக, ரோமாபுரியில் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே தோன்றிய அக்குவிலியச் சட்டமானது, ஒல்லாந்த நியாயவாதிகளின் விளக்கங்களோடு கடல் கடந்து வந்து, கப்பல்துறையில் லொறி மோதிக் காயமுற்ற ஒருவன் இன்று மாவட்ட நீதிமன்றத்திற் பதிவுசெய்யும் வழக்குக்கும் அடிப்படையாக நிற்கிறது. சுதந்திர மனிதனுடைய தேகத்துக்கு விலை மதிப்பது தகாது என்பது ரோமருடைய கொள்கை. அடிமை ஒருவன் காயப்பட்டால் எசமானுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கணக்கிட்ட அவர்கள், சுதந்திரன் காயப்பட்டால் வைத்தியச் செலவையும் இழந்த ஊதியத்தையுமே கணக்கிட்டு, அவன் அனுபவித்த வலியைக் கணக்கிற்கு அப்பால் நிறுத்தினர். அந்தக் கொள்கையின் உயர்வை நாம் மதிக்கலாம். எனினும், வலியால் துடித்தவன் அதனால் வெறுங்கையோடு வீடு திரும்பினான் என்பதையும் மறக்கலாகாது. ஜெர்மானிய வழக்கத்திலிருந்து தோன்றி, குரோஷியஸ், வூட் முதலிய ஒல்லாந்த நியாயவாதிகளின் நூல்களில் இடம்பெற்ற பிற்கால மரபே வலிக்கும் வேதனைக்கும் தனியே ஈடு கேட்கும் உரிமையை வழங்கிற்று. கழுத்து நோவுக்கு நீதிமன்றத்தில் ஓர் ஆசனம் கிடைத்தது அந்த மரபினாலேயே.

இத்தகைய காயத்தை உலகம் முதன்முதலில் பெருமளவிற் கண்டது புகையிரதத்தின் காலத்திலாகும். இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் பரவியபோது, மோதுண்ட வண்டியிலிருந்து தம் காலாலேயே நடந்து இறங்கி வந்த பிரயாணிகள் சிலர், நாட்கள் செல்லச் செல்ல முதுகுநோவு, நடுக்கம், நித்திரையின்மை, ஞாபகக் குறைவு என்று வைத்தியரிடம் முறையிடலாயினர். லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் எரிக் எரிக்சன் இதனைக் குறித்து நிகழ்த்திய விரிவுரைகள் 1866இல் நூலாயின. புகையிரத முதுகந்தண்டு நோய் என்ற பெயர் அதன்பின் நீதிமன்றங்களிலே அடிக்கடி ஒலித்தது. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 9ஆம் திகதி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் நேர்ந்த விபத்திலிருந்து காயமின்றித் தப்பிய நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் புகையிரதப் பிரயாணத்தில் நடுக்கமுற்றார் என்பது பிரசித்தம். இருப்புப்பாதைக் கம்பனியின் பக்கத்திலிருந்து மறுப்பும் எழுந்தது. லண்டன் வடமேற்கு இருப்புப்பாதையின் சத்திர வைத்தியராகிய ஹேர்பேட் பேஜ், கண்ணுக்குப் புலப்படும் சேதம் இல்லாத இந்நோவுகளுள் பலவும் பயத்தினாலும் மன அதிர்ச்சியினாலும் பிறந்தவை என்று 1883இல் ஒரு நூலில் வாதித்தார். நோயாளியின் சொல்லை நம்பும் வைத்தியர் ஒரு பக்கமும், நம்ப மறுக்கும் வைத்தியர் மறுபக்கமுமாக நின்று நீதிபதியின் முன்னே வாதிடும் காட்சி அன்று ஆரம்பமாயிற்று. இன்றும் அது ஓய்ந்தபாடில்லை.

1927இல் கல்லோயாவிலிருந்து இருப்புப்பாதை திருகோணமலையை வந்தடைந்தது. சீனக்குடாவில் நிலையம் எழுந்தது. கப்பல்துறைப் பக்கத்து மக்களும் புகையிரத யுகத்திற் பிரவேசித்தனர். ஆனால், லண்டன் பிரயாணிக்கு இருந்த ஒரு வசதி இவர்களுக்கு இருக்கவில்லை. அங்கே இருப்புப்பாதை தனியார் கம்பனிகளின் சொத்து. இங்கே அது அரசாங்கத்தின் சொத்து. முடிக்குரிய அரசின்மீது தீங்கியல் வழக்குத் தொடுக்க இயலாது என்பதனைக் கொழும்பு மின் டிராம் கம்பனி சட்டமா அதிபருக்கு எதிராகக் கொண்டுவந்த வழக்கில் உயர்நீதிமன்றம் 1913இல் உறுதிப்படுத்தியிருந்தது. அரசோடு ஒப்பந்தம் செய்தவன் அவ்வொப்பந்தத்தின் பேரில் வழக்காடலாம். அரச ஊழியனுடைய கவனயீனத்தாற் காயம்பட்டவனோ அரசைக் கூண்டிலேற்ற முடியாது. வாகனத்தை ஓட்டிய ஊழியனைத் தனிப்பட்ட முறையிலே பிரதிவாதியாக்கலாம். ஆயினும் சொற்பச் சம்பளக்காரனான அவனுக்கெதிராகத் தீர்ப்புப் பெறுவதால் யாது பயன்?

இந்த விதி நாட்டின் எந்தப் பாகத்திலும் கடுமையானதே. திருகோணமலையிலோ அது பன்மடங்கு கடுமையாயிற்று. ஏனெனில் இங்கே துறைமுகமும் கப்பற்பட்டறையும், 1920களின் நடுவிலிருந்து காட்டுக்குள் எழுந்த பெரும் எண்ணெய்த் தாங்கிகளும், சீனக்குடா விமானத்தளமும், வீதியில் ஓடிய கனரக வாகனங்களிற் பெரும்பகுதியும் முடியரசின் உடைமையாகவே இருந்தன. இரண்டாம் மகாயுத்தத்தின்போது, குறிப்பாக 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பின்னர், இப்பிரதேசத்தின் வீதிகள் படைவாகனங்களால் நிறைந்தன. மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் சென்ற கிராமத்து மக்கள், தம்மை மோதிய வாகனத்தின் சொந்தக்காரன் யார் என்று நன்கறிந்தும், அச்சொந்தக்காரனை நீதிமன்றத்துக்கு இழுக்க வழியற்றவர்களாயிருந்தனர்.

தொழிலிற் காயம்பட்டோருக்கு மாத்திரம் இதற்குள் ஒரு கதவு திறந்திருந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், எசமான் தவறிழைத்தான் என்று நிரூபிக்கும் பாரத்தைக் காயமுற்றவனுடைய தோளிலிருந்து இறக்கி வைத்தது. தொழிலின் காரணமாகவும் தொழிலின்போதும் விபத்து நேர்ந்ததென்று காட்டினாற் போதும். கணக்கிட்டுக் கொடுப்பது ஆணையாளரின் கடமை. மூட்டை சுமக்கும், கயிறிழுக்கும், பாரந்தூக்கியின் கீழே நிற்கும் துறைமுகத் தொழிலாளருக்கு இது பெரும் அநுக்கிரகம். ஆனால் இச்சட்டத்தின் உள்ளமைப்பைச் சற்றே உற்று நோக்கவேண்டும். இதற்கு மூத்த சகோதரமாகிய 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் முதலாம் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முழங்கைக்கு மேலே வலக்கை போனால் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு 70 நஷ்டம், இடக்கையானால் 60, ஒரு கண் போனால் 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. மனிதனை விரல் விரலாகப் பிரித்து விலையிட்ட அந்த நிரலில் கழுத்துக்கு இடமே இல்லை. துண்டிக்கப்பட்டதை எண்ணுவதற்கு அட்டவணை போதுமானது. உடம்போடு ஒட்டியிருந்தபடியே பயன் குன்றிப்போனதை அது எண்ணாது. இலங்கைச் சட்டமும் இத்தகைய அட்டவணையையே கைக்கொண்டது. பட்டியலில் இல்லாத காயமுற்றவன் தன் உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்ததென்பதை வைத்திய சாட்சியத்தால் நிறுவவேண்டியவனானான். விரலிழந்தவனுக்கு இல்லாத சுமை அது.

அக்காலத்திலேதான் கழுத்துக்காயம் வைத்திய சாஸ்திரத்தில் தனக்கென ஓர் இடத்தைப் பெறலாயிற்று. அமெரிக்க எலும்புச் சிகிச்சை நிபுணர் ஹரல்ட் குரோவ் 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த வைத்தியர் மகாநாட்டில் விப்லாஷ் என்ற பெயரை முதலில் வழங்கினார் என்பர். கப்பல்களின் மேற்றளத்திலிருந்து கவண்பொறியால் வீசி எழுப்பப்பட்ட விமானங்களின் ஓட்டிகள், தலை திடீரெனப் பின்னே உதறப்பட்டு நினைவிழந்ததையும், ஆசனத்தில் தலைத்தாங்கி வைத்ததும் அது நின்றதையும் வைத்திய நூல்கள் இதற்கு முற்பட்ட உதாரணமாகக் காட்டுகின்றன. 1944இல் விமானந்தாங்கிக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற துறைமுகத்தை அடுத்து வாழ்ந்த மக்களுக்கு அத்தகைய விமானங்கள் தினமும் காணும் காட்சி. 1953இல் கே, அபட் என்னும் இரு வைத்தியர் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் பின்னர், மோட்டார் விபத்து வழக்குகளில் இக்காயம் சாதாரணமாகப் பேசப்படும் விஷயமாயிற்று.

காயம் நேரும் விதத்தை இங்கே அண்மையிலிருந்து காண்பது நன்று. இரவில் கண்டி வீதியின் நடுவே மாடுகள் படுத்திருக்க, ஒரு வான் திடீரெனத் தடுப்பை அழுத்தி நிற்கிறது. பின்னால் வரும் பாரமேற்றிய லொறி நிற்க இயலாமல் அதன் முதுகில் இடிக்கிறது. வானுக்குள் இருப்பவனுடைய ஆசனம் அவன் உடலை முன்னே தள்ளுகிறது. தலையோ தன் ஜடத்துவத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. ஏழு எலும்புகளாலாகிய கழுத்தின் கீழ்ப்பாகம் பின்னோக்கியும் மேற்பாகம் முன்னோக்கியும் ஏககாலத்தில் வளைந்து, ஒரு விநாடியின் பத்திலொரு பங்குக்குள், இயற்கை அதற்கு விதிக்காத ஒரு நெளிவை அடைகிறது. அதன் பிறகே தலை பின்னே வீசப்பட்டு மீண்டும் முன்னே பாய்கிறது. எலும்புகளை இணைக்கும் சிறுமூட்டுகளின் உறைகளும் தசைநார்களும் அப்போது இழுபட்டுக் கிழிகின்றன. எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும். இந்த மென்மையான கிழிவுகளை அது காட்டாது. அடிபட்டவன் இறங்கி நின்று, தனக்கொன்றும் இல்லை என்று அருகில் வந்தவர்களுக்கு ஆறுதலும் சொல்கிறான். மறுநாட் காலையிலே பாயிலிருந்து எழ முயலும்போதுதான் கழுத்து மறுக்கிறது.

இங்கேதான் ஊர்வழக்கம் சரித்திரத்திற் குறுக்கிடுகிறது. கழுத்துச் சுளுக்கு என்றால் எண்ணெய் பூசி உருவிவிடுவதும், சுளுக்கெடுப்பவரிடம் போவதும், கன்னியா வெந்நீரூற்றிற் குளித்து வருவதும் இப்பிரதேசத்து மக்களின் நீண்டநாட் பழக்கம். அப்பழக்கத்தில் ஆறுதல் உண்டென்பதை மறுப்பார் இல்லை. ஆனால் எண்ணெய்க்கு ஏடு கிடையாது. இரண்டு மாதங் கழிந்தும் நோவு நீங்காமல் அரசாங்க வைத்தியசாலைக்கு அவன் போகும்போது, விபத்து நேர்ந்த நாளில் எழுதப்பட்ட ஒரு வரிகூட அவனிடம் இல்லை. இந்நோவு அந்த விபத்தினால் வந்ததுதானா என்று பிரதிவாதியின் சட்டத்தரணி கேட்கும் கேள்விக்கு விடையும் இல்லை.

வீதிச் சட்டத்தின் வளர்ச்சிக்கு மீண்டும் வருவோம். காயப்படுத்தியவன் வறியவனாயிருந்தால் தீர்ப்பு வெறுங் காகிதமாகும் என்ற குறையை நீக்குவதற்கே மூன்றாம் தரப்புக் காப்புறுதி பிறந்தது. இங்கிலாந்து 1930இல் அதனைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் வண்டிக் கட்டளைச் சட்டம் அவ்வழியைப் பின்பற்றியது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதனை மேலும் விரித்து நிலைநாட்டியது. காப்புறுதியில்லாத வாகனம் பொதுவீதியில் ஓடலாகாது. வாகனக்காரனுக்கு எதிரான தீர்ப்பாணையை நிறைவேற்றும் பொறுப்பு, வழக்கைப் பற்றி முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தால், காப்புறுதிக் கம்பனியைச் சாரும். அந்த அறிவித்தலைக் கொடுக்க மறந்து, வழக்கில் வென்றும் பணம் பெறாமற் போனவர்களை எண்ணும்போது, ஒரு கடிதத்துக்குள்ள கனம் எத்தகையதென்று விளங்கும்.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டின் முதல் நாளன்று தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. சபை என்பது சட்டத்தின் கண்ணில் வழக்காடவும் வழக்காடப்படவும் உரிய ஒரு நபர். ஆகவே பஸ் விபத்தில் அடிபட்டவன் அதன்மீது வழக்குத் தொடரலாம். கடற்படையின் லொறியும் புகையிரதமும் மாத்திரம் பழைய விதியின் நிழலிலே தொடர்ந்து ஓடின. அந்நிழல் நீங்கியது 1969இல். அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், அரச ஊழியன் தன் கடமையின்போது இழைத்த தீங்குக்கு அரசும் பொறுப்பாளியாகும் என்று விதித்தது. நியாயவாதிகள் அதனைச் சட்டப்பிரிவுகளுக்குள் வைத்து மதிப்பர். துறைமுகப் பிரதேசத்து மக்களின் நிலையிலிருந்து நோக்கினால், அரைநூற்றாண்டுக்கும் மேலாக அடைபட்டிருந்த கதவொன்று திறந்த நாள் அது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 12ஆம் இலக்கச் சட்டமும் சிறப்பாகக் கூறத்தக்கது. காயமுற்றவன் பக்கத்திலும் சிறிது தவறு உண்டென்றால் அவன் கோரிக்கை முழுவதும் விழுந்துவிடக்கூடிய பழைய நிலையை மாற்றி, தவறு எத்தனை பங்கோ ஈட்டில் அத்தனை பங்கு மாத்திரமே குறையும் என்று அது வகுத்தது.

உரிமைகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தபோதும், காலத்தின் எல்லைக்கோடு அசையாமலே நின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, தீங்குக்கான வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படவேண்டும். கை முறிந்தவனுக்கு இது தாராளமான அவகாசம். இன்று நீங்கும் நாளை நீங்கும் என்று நோவைப் பொறுத்திருப்பவனுக்கோ, எதிராளி சமாதானமாய்ப் பேசித் தருவான் என்று காத்திருப்பவனுக்கோ, அந்த இரண்டு ஆண்டுகளும் அறியாமலே கரைந்துவிடும். பின்னர் வந்த யுத்த தசாப்தங்களில், இடம்பெயர்வும் வீதித்தடைகளும் உயிரச்சமும் சூழ்ந்திருந்த இப்பிரதேசத்தில், கழுத்து நோவுக்கு வழக்காடுவது என்ற நினைவே மக்களுக்குத் தூரமாயிருந்தது.

இக்காயத்தின்மீது உலகம் கொண்ட சந்தேகத்தையும் நேர்மையோடு எடுத்துரைக்கவேண்டும். விபத்துக் காப்புறுதி அதிகம் பரவியிராத லித்துவேனியாவில், பின்னாலிருந்து மோதப்பட்ட 202 பேரை விசாரித்து 1996இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கும் விபத்தே காணாதவர்களுக்கும் நாட்பட்ட கழுத்து நோவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. நட்டஈட்டின் ஆசையே நோவை நீடிக்கிறது என்று காப்புறுதிக்காரர் அதனை எடுத்துக்காட்டினர். அவர்களுள் தொடக்கத்திலேயே காயத்தை உணர்ந்தோர் சிறுபான்மையினரே என்று மறுத்தோரும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1995இல் வழக்காடும் முறையை விட்டு, தவறு யாருடையதென்று கேளாமற் கொடுக்கும் முறைக்கு மாறியது. ஒரு லட்சம் பேருக்கு 417 ஆக இருந்த கோரிக்கைகள் 302 ஆகக் குறைந்தன. அவை முடிவடைய எடுத்த காலமும் பாதியளவுக்குச் சுருங்கிற்று. கோரிக்கை குறைந்ததைச் சிலர் பொய் குறைந்ததாகக் கொண்டனர். வழக்கு நீளும்போது நோயாளி தன் நோவை நாள்தோறும் நிரூபித்தே வாழவேண்டியிருக்கிறது, அச்சுமையே குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்பது எனக்கு அதனினும் நியாயமான விளக்கமாகப் படுகிறது. நோவை நடிப்போர் எங்கும் உளர். அவர்கள் பொருட்டு நோவோர் அனைவரையும் கூண்டிலேற்றுதல் தர்மமாகாது.

சந்தேகத்தின் முடிவில் பல தேசங்கள் பழையபடி அட்டவணைக்கே திரும்பியிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 31 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, மூன்று மாதம் வரையுள்ள கழுத்து நோவுக்கு 240 பவுண் என்றும், 18 முதல் 24 மாதம் வரையானதற்கு 4,215 பவுண் என்றும் விலை குறித்தது. ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழும் ஒன்டாரியோவில், இத்தகைய காயங்களை 2010 முதல் சிறு காயம் என்று வகுத்து, சிகிச்சைக்கு 3,500 டொலரை எல்லையாக்கினர். திருகோணமலையிலிருந்து சென்று ஸ்கார்பரோவில் வாகனமோட்டி உழைக்கும் ஒருவருடைய கழுத்து நோவு அந்த எல்லைக்குள் அடைக்கப்படுகிறது. கப்பல்துறையில் இருக்கும் அவருடைய சகோதரரின் நோவுக்கு எல்லை ஏதும் எழுதப்படவில்லையாயினும், அதைக் கேட்டுப் பெறும் வழி அவருக்குத் தெரிந்திருப்பதில்லை. விரலுக்கு விலையிட்ட 1923ஆம் ஆண்டு அட்டவணையிற் கழுத்து இல்லாமற் போனது ஒரு குறை; மாதத்தைக் கணக்கிட்டு எல்லா மனிதருக்கும் ஒரே விலை சொல்லும் 2021ஆம் ஆண்டு அட்டவணை மற்றொரு குறை. எழுதுமேசையில் இருப்பவனுக்கும், சீனக்குடா ஆலைகளில் மாமூட்டையும் சீமெந்துப் பையும் தலையிலும் தோளிலும் ஏற்றுபவனுக்கும் கழுத்தின் பெறுமதி ஒன்றாகுமா? ஒவ்வொருவருடைய தொழிலையும் வாழ்வையும் தனித்தனியே விசாரித்து அளக்கும் நம்முடைய ரோம ஒல்லாந்தச் சட்டம் இவ்விஷயத்தில் அதிக மனிதத்தன்மை உடையது; அதன் குறை தாமதமும் செலவுமே.

அண்மைக் காலத்திலும் சில நற்காரியங்கள் நிகழ்ந்துள்ளன. அடித்துவிட்டு ஓடிய வாகனம் இன்னதென்று தெரியாதபோது பாதிக்கப்பட்டோருக்கு உதவ, 1998ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் வழியாக வீதிப் பாதுகாப்பு நிதியம் ஏற்பட்டது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து அதனுள் அடங்கிற்று. ஈட்டின் உச்சவரம்பு 20 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதிகாலையில் முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் புறப்படும் கப்பல்துறைத் தொழிலாளருக்கு இதனினும் பயன்தரும் திருத்தம் அண்மையில் வந்ததில்லை. ஆயினும் தங்களுக்கு இவ்வுரிமை உண்டென்பதை அறிந்த தொழிலாளர் எத்தனை பேர் இருப்பர் என்று எண்ணும்போது கவலையே மேலிடுகிறது.

இந்நெடிய சரித்திரத்திலிருந்து நான் பெறும் கருத்து ஒன்றேயாகும். காணக்கூடிய காயத்துக்குச் சாட்சி அக்காயமே. காணமுடியாத காயத்துக்குச் சாட்சி எழுத்து ஒன்றுதான். ஆதலால், வாகனம் இடித்த அன்றே, நோவு சிறிதாயினும் இல்லையாயினும், வைத்தியசாலைக்குச் சென்று பதிவுசெய்துகொள்வதும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்து அதன் பிரதியைப் பெறுவதும், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைத் தவிர்க்காதிருப்பதும், கிளினிக் புத்தகத்தையும் மருந்துச் சிட்டைகளையும் வேலைக்குப் போகமுடியாத நாட்களின் கணக்கையும் பத்திரப்படுத்துவதும், மோதிய வாகனத்தின் காப்புறுதி விவரத்தைக் குறித்துக்கொள்வதும் ஒவ்வொருவருக்கும் பழக்கமாகவேண்டும். எண்ணெயை அதன்பின் பூசிக்கொள்ளலாம். வீதியோரத்திலே நின்று, சில ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு சமாதானம் என்று கையொப்பமிடுவது, மறுநாள் எழப்போகும் நோவை அறியாமலே விற்றுவிடுவதாகும்.

மக்கள் செய்யவேண்டியது இதுவாக, அரசு செய்யவேண்டியதும் உண்டு. வைத்திய அறிக்கைகளும் காப்புறுதிப் பத்திரங்களும் காயமுற்றவன் வாசிக்கக்கூடிய தமிழிலும் சிங்களத்திலும் அவனுக்குக் கிடைக்கவேண்டும். சிறிய கோரிக்கைகளை ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் மாதக்கணக்கில் தீர்க்கும் ஓர் ஏற்பாடு திருகோணமலையிலேயே இருக்கவேண்டும். தாமதமாகத் தோன்றும் நோவுக்கு 1871ஆம் ஆண்டின் கால எல்லை பொருந்துமா என்று சட்டமியற்றுவோர் மறுபடி ஆராயவேண்டும். தூபியின் 15 கற்களுக்கும் கணக்குப் பார்த்து ஈடு கொடுத்த நியாயம் இம்மண்ணுக்குப் புதியதன்று. கண்ணுக்குத் தெரியாத நோவோடு நீதிமன்றப் படியேறி வரும் ஏழைக்கும் அந்த நியாயத்தை விரைந்து கிடைக்கச் செய்வதே, இந்நூற்றாண்டின் சட்ட அறிஞர்களும் ஆட்சியாளரும் நிறைவேற்றவேண்டிய கடமையாகும்.